கீமோ நடக்கும்போது கஷாயம், பத்தியம், கருப்பட்டி... ஆஸ்பத்திரியில் சொல்கிறீர்களா, மறைக்கிறீர்களா?

மடத்துப்பொண்ணு, தங்கச்சிமடம்

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 57 வயது, இடது மார்பில் கட்டி. மதுரையில் பார்க்கிறோம். முதலில் நாலு தடவை அந்தச் சிவப்பு மருந்து, 21 நாளைக்கு ஒரு முறை. அப்புறம் வாராவாரம் வேறொன்று, பிறகு ஆபரேஷன், கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு) என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு தடவை போட்டாயிற்று. மூன்றாவதற்குப் போன செவ்வாய்க்கிழமை விடியுமுன் பஸ் ஏறிப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இன்றைக்குப் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஈரல் டெஸ்டில் எஸ்.ஜி.பி.டி. 220. முன்பு 30தான் இருந்தது.

டாக்டர் மூன்று தடவை கேட்டார், வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று. அம்மா மூன்று தடவையும் இல்லை என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து இல்லை என்று தலையாட்டினேன், எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பரமக்குடி தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொல்கிறார், "உங்க சித்தி சீந்தில்கொடி கஷாயம் வச்சுக் குடுத்தா, ரெண்டு மாசமா காலைல வெறும் வயித்துல குடிக்கிறேன்." எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை.

இன்னொன்று. கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் மீன் இல்லை. கடலுக்கு நூறு அடியில் இருந்துகொண்டு அம்மாவுக்கு ரசம் சோறு. மீன் கரப்பான், நண்டு கரப்பான், கணவாய் சூடு, முட்டை கிரந்தி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 54 கிலோ இருந்தவர் இப்போது 48.

நான் நாட்டு மருந்துக்கு எதிரி இல்லை. என் பிள்ளைக்குச் சளி என்றால் நானும் கற்பூரவல்லிதான் தேடுவேன். ஆனால் கீமோவோடு சேர்த்து எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது? இதைக் கடந்து வந்தவர்கள் எழுதுங்கள்.

வார்டுக்காரி, சொந்த ஊர் மண்டபம்

தங்கச்சி, நான் வார்டு நர்ஸ். முதல் வேலை, நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கஷாயத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கொடியில் ஒரு துண்டைப் பையில் போட்டு எடுத்துப்போங்கள். சீந்தில் என்று நினைத்து வேறு கொடியைக் கொதிக்க வைக்கிற வீடுகளும் உண்டு.

சீந்தில்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். கீமோவே ஈரலைத் தொடும். மஞ்சள்காமாலை பி கிருமி உடம்பில் சத்தமில்லாமல் இருந்து, கீமோவில் எதிர்ப்பு குறைந்ததும் தலைதூக்குவதும் உண்டு, அதற்கும் பார்ப்பார்கள். ஆனால் கொரோனா காலத்தில் எல்லோரும் சீந்திலைக் குடித்தபோது ஈரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி 2021ல் மும்பை டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். நல்ல உடம்புக்கே அப்படி. அம்மாவுக்குப் போடுகிற சிவப்பு மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவதே ஈரல்தான். ஈரல் தளர்ந்திருக்கும்போது அதே அளவைப் போட்டால் மருந்து நெடுநேரம் உள்ளேயே தங்கி வெள்ளையணுவையும் வாய், குடலையும் பதம் பார்த்துவிடும். திருப்பி அனுப்பியது அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என் பக்கத்து ஆட்களைப் பற்றி. நாங்கள் கேட்கிற கேள்வியே சரியில்லை. "வேறு மருந்து எடுக்கிறீர்களா" என்றால் உங்கள் அம்மா இல்லை என்றுதான் சொல்வார், பொய்யே இல்லை, அவருக்குக் கஷாயம் மருந்து இல்லை, வீட்டுச் சாமான். நான் இப்போதெல்லாம் "காலையில் எழுந்ததும் வாயில் முதலில் என்ன படும்?" என்று கேட்கிறேன். பத்துப் பேரில் பாதிப் பேர் ஒரு பொடியோ சாறோ சொல்கிறார்கள். அதற்கப்புறம் முகத்தைச் சுளிக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள்.

இயற்கைவழி

அக்கா பயப்படாதீங்க. கீமோ என்பதே விஷம், அது உடம்பை அழிக்கத்தான் செய்யும். முள்சீத்தா இலை 15 எடுத்து மூன்று டம்ளர் தண்ணீரை ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க, கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு சக்தி. மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டார்கள். எங்களிடம் பொடியாகவும் இருக்கிறது, தனிச் செய்தியில் வாருங்கள்.

உச்சிப்புளியான்

வந்துட்டாருய்யா. அந்தப் பத்தாயிரம் மடங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல் மேல் சாற்றை ஊற்றிப் பார்த்த கதை. தட்டில் இருக்கிற புற்றுசெல் மேல் பாம்பன் கடல் தண்ணீரை ஊற்றினாலும்தான் சாகும், அதற்காகக் கடலைக் குடிக்கச் சொல்வீர்களா? மனிதருக்குக் கொடுத்துப் புற்று கரைந்தது என்று காட்டிய சோதனை ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். குவாதலூப் என்று கரீபியனில் ஒரு தீவு, அங்கே முள்சீத்தாப் பழமும் இலைக் கஷாயமும் அன்றாடம் எடுத்தவர்களிடம் கைநடுக்கம், நடை தடுமாற்றம் என்று பார்க்கின்சன் மாதிரி நோய் அதிகம் என்பதைக் கண்டு, அந்தச் செடியில் உள்ள அனோனாசின் என்ற பொருள் மேல் சந்தேகப்படுகிறார்கள். பழம் கிடைத்தால் எப்போதாவது இரண்டு சுளை சாப்பிடுங்கள், ருசியாகத்தான் இருக்கும். மாசக்கணக்கில் கஷாயம் வேண்டாம்.

பொடி கிலோ என்ன விலை சார்?

இயற்கைவழி

நம்பிக்கை இல்லாதவர்களிடம் பேச விருப்பம் இல்லை.

சித்தமருத்துவன், பரமக்குடி

நான் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் முடித்தவன். இந்த இழையில் எனக்கு இரண்டு பக்கமும் அடி விழும், பரவாயில்லை.

சீந்தில் எங்கள் நூல்களில் இருக்கிற நல்ல சரக்கு. ஆனால் யாருக்கு, எந்த நிலையில், எவ்வளவு நாள் என்பது இல்லாமல் எந்தச் சரக்கும் மருந்து ஆகாது, இதைத்தான் சித்தி விட்டுவிட்டார். "மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை" என்று சொல்கிறவர் சித்த மருத்துவமே படிக்காதவர். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டால் தோல் கொப்பளித்துவிடும். ரசகந்தி மெழுகு என்று புற்றுக்குக் கொடுக்கிற மருந்தில் பேரிலேயே ரசம் இருக்கிறது, பாதரசம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுகிறவர்களுக்கு அதுவே சிறுநீரகத்தை வாட்டும். அதோடு இந்த மெழுகையும் ரகசியமாகச் சேர்த்தால் அடி இரண்டு பக்கமும். சிறுநீரக டெஸ்டில் கிரியாட்டினின் ஏறினால் யார் மேல் பழி போடுவது?

இன்னொரு கதை. தனுஷ்கோடி மணலிலும் கல்லறைத் தோட்டத்திலும் தானாக முளைத்துப் பூக்கிற நித்தியகல்யாணி, நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்பார்களே, அதைச் சர்க்கரைக்கு என்று பலர் காய்ச்சிக் குடிக்கிறார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் ஜமைக்காவிலிருந்து வந்த இந்த இலையைச் சர்க்கரைக்குத்தான் சோதித்துப் பார்த்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணு சரசரவென்று இறங்கியது. அங்கிருந்து பிறந்ததுதான் வின்பிளாஸ்டின், பின்னாடியே வின்கிரிஸ்டின், இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப்புற்றுக்குப் போடுகிறார்கள். ஆக, கீமோவால் ஏற்கெனவே வெள்ளையணு விழுந்து கிடக்கிறவர் சர்க்கரைக்காக இந்தக் கஷாயத்தையும் குடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். சரி, இலையையே புற்றுக்குத் தின்னலாமே என்று கேட்பார்கள். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கே காய்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோ வேண்டும். அதை நரம்பில் மில்லிகிராம் கணக்கில் ஏற்ற வேண்டும், கைப்பிடிக் கணக்கில் குடிக்க முடியாது.

மதிப்பு இருக்கிற இடத்தில் மதிப்பு. குமட்டலுக்கு இஞ்சி நல்லது, சமையல் அளவில். மலச்சிக்கலுக்கு உலர் திராட்சை, அத்திப்பழம். மஞ்சளும் குழம்பில் போடுகிற அளவுக்குப் பயம் இல்லை. ஆனால் மாத்திரையாகக் குர்குமின், அதோடு மிளகுச் சத்து சேர்த்து விற்கிறார்களே, அது வேறு கதை. மிளகு சேர்ந்தால் மஞ்சள் பல மடங்கு ரத்தத்தில் ஏறும், அதோடு சில மருந்துகளின் அளவையும் ஏற்றி இறக்கும். மார்பகப் புற்றுக்கு டமாக்சிபென் மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் கேட்காமல் தொடக் கூடாது.

மடத்துப்பொண்ணு

சிஸ்டர் அக்கா, டாக்டர் தம்பி இரண்டு பேருக்கும் நன்றி. போன் போட்டுச் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை. உடனே நிறுத்தச் சொன்னார்கள், மஞ்சள்காமாலை டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சித்தி மூன்று நாளாகப் பேசவில்லை. "நான் கொல்லவா பார்த்தேன்" என்று அழுகிறார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவர் கஷாயம் வைப்பதற்காகத் தினமும் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறார்.

மீன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

வார்டுக்காரி, சொந்த ஊர் மண்டபம்

மீனைக் கொடுங்கள்! தாராளமாகக் கொடுங்கள். எனக்கு இதில்தான் கோபம் வரும். கீமோவில் இருக்கிறவருக்குக் கிலோவுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை கிராம் புரதம் தினமும் வேண்டும், 48 கிலோவுக்கு அறுபது எழுபது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசம் சோற்றில் அது எங்கே இருக்கிறது? நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6. மதியம் இரண்டு துண்டு விளமீன், ராத்திரி காரல் சொதி, இரண்டு முட்டை, பால், பருப்பு என்று வந்தால் கணக்கு நெருங்கிவிடும். இந்தக் கரப்பான் கணக்கெல்லாம் தோலில் சொறி சிரங்குக்குச் சொன்னது, அதை மார்பில் உள்ள கட்டிக்கு யார் கொண்டுவந்தார்களோ. முன்பே மீன் ஒத்துக்கொள்ளாமல் தடித்தவர் என்றால் மட்டும் விடுங்கள்.

எடை குறைவது சின்ன விஷயம் இல்லை. கீமோ அளவே உயரம் எடை பார்த்துத்தான் போடுகிறார்கள். தசை கரைந்தால் அதே மருந்தைத் தாங்க முடியாமல் போகும்.

பெரிய சுறாவை அடிக்கடி வேண்டாம், பாதரசம் அதில் அதிகம் சேர்ந்திருக்கும். சுறாப்புட்டு வேண்டும் என்று கேட்டால் எப்போதாவது. சூடை, சாளை, காரல், நகரை மாதிரிச் சின்ன மீன்கள் விலையும் குறைவு, சத்தும் அதிகம். கருவாட்டைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். வாய்ப்புண் இருக்கும்போது அந்த உப்பு எரியும், ஈ மொய்த்ததும் சேர்ந்து வரும்.

முக்கியமானது, எல்லாம் வெந்திருக்க வேண்டும். ஊசி போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் பச்சை முட்டை, அரைவேக்காட்டு நண்டு, வழியில் வெட்டி வைத்த பழம், காய்ச்சாத தண்ணீர் எதுவும் வேண்டாம். பழைய சோறும் அப்போது வேண்டாம், நல்ல சாப்பாடுதான், ஆனால் அந்த வாரம் இல்லை. காய்ச்சல் 100.4 தொட்டால் கஷாயமும் இல்லை, குரோசினும் இல்லை, விடியட்டும் என்று காத்திருப்பதும் இல்லை, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

பாம்பன் மாமா

சிஸ்டர் சொல்வது சரி. என் மனைவிக்கு 2023ல் நடந்தது. அப்போது பழைய ரயில் பாலம் மூடிக் கிடந்தது, 2022 டிசம்பரில் நிறுத்தியவர்கள் 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்த பிறகுதான் தீவுக்குள் ரயிலை விட்டார்கள். மதுரையிலிருந்து வருகிற வண்டி மண்டபத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து பஸ்ஸில் பாலத்தைக் கடக்க வேண்டும், கீமோ போட்ட உடம்போடு. பஸ்ஸில் அவள் மடியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவர். அப்போது காப்பாற்றியது பாட்டிலில் சீவிப் போட்ட இஞ்சியும் எலுமிச்சை மிட்டாயும்தான். ஆனால் டாக்டர் கொடுத்த வாந்தி மாத்திரையை நேரத்துக்குப் போட்டால்தான் இஞ்சியும் வேலை செய்தது. மாத்திரையை விட்டுவிட்டு இஞ்சியை மட்டும் நம்பிய அன்றைக்குப் பெருங்குளம் வருமுன்னாடியே கவர் நிறைந்துவிட்டது.

கருப்பட்டிக்கு வருகிறேன். சீனி புற்றுக்குத் தீனி, கருப்பட்டி மருந்து என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டும் சர்க்கரைதான் என்று சாப்பாட்டு ஆலோசகர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கீமோவுக்கு முன்னாடி போடுகிற டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசியே சர்க்கரையை ஏற்றும், இவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை, இதில் நாங்கள் வேளைக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி. மூன்றாம் நாள் 380. சர்க்கரை சாப்பிடாவிட்டால் கட்டி பட்டினி கிடக்கும் என்பதும் இல்லையாம். நீங்கள் எதைச் சாப்பிட்டாலும் உடம்பே ரத்தத்தில் சர்க்கரையை வைத்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது கட்டி அல்ல, ஆள்.

தொண்டிக் கரை

நுங்கு பற்றி ஒரு விஷயம், யாருக்காவது உதவும். வாப்பாவுக்குப் பெருங்குடலில். முதல் ஊசி முடிந்து வந்த அன்று நல்ல வெயில், உடம்பு சூடு தணியட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்த நுங்கை உரித்துக் கொடுத்தேன். ஒரு வாய்தான். தொண்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு அடைக்கிறது என்று எழுந்து நின்றுவிட்டார், எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தாம், அது ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி எதுவும் ஆகாது. தண்ணீர்கூட வெதுவெதுப்பாகத்தான், பிரிட்ஜில் கை விட்டாலும் விரல் மின்சாரம் அடிக்கும். தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. இதில் வேடிக்கை, பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வேறு மருந்து, வாய்ப்புண் வராமல் இருக்க ஊசி ஏறும்போதே ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவருக்கு ஐஸ் மருந்து, இவருக்கு ஐஸ் ஆகாது. அதனால் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள்.

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். என் கதை தைராய்டு. ஆபரேஷன் முடிந்து கதிர் அயோடின் குடிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் இரண்டு வாரம் அயோடின் இல்லாத சாப்பாடு. தாளை வாங்கிப் பார்த்தேன். கடல் மீன் கூடாது, நண்டு இறால் கூடாது, கருவாடு, பாக்கெட் அயோடின் உப்பு, கடல் உப்பு, பால், தயிர், முட்டை மஞ்சள் கரு எதுவும் கூடாது. கடற்கரையில் பிறந்தவனுக்கு இதற்கு ஜெயில் மேல். மிஞ்சியிருக்கிற கொஞ்ச தைராய்டு செல்லை அயோடினுக்குப் பட்டினி போட்டால்தான், கதிர் அயோடின் வந்ததும் பாய்ந்து விழுங்கி அதிலேயே சாகுமாம். மீன் தின்று வயிற்றை நிரப்பிவிட்டுப் போனால் மருந்து வீண்.

நான் சரியாகத்தான் இருந்தேன், மாட்டிக்கொண்டது எங்கே தெரியுமா, நோன்பு மாசம், லாத்தா (அக்கா) வீட்டில் கடல்பாசி செய்து அனுப்பியிருந்தார்கள், பாலும் இல்லை மீனும் இல்லை, வெறும் இளநீரும் சீனியும்தானே என்று இரண்டு துண்டு வாயில் போட்டுவிட்டேன். கடல்பாசி என்று பேரிலேயே கடல் இருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை. ராத்திரி உம்மாதான் கேட்டார், "ஏன்டா, அது கடல்ல இருந்துதானே வருது?" காலையில் போன் செய்து சொன்னேன், தேதியை ஒரு வாரம் தள்ளினார்கள். சொன்னதால் ஒரு வாரம்தான் போனது.

நோன்பு வைக்கிறவர்களுக்கும் ஒன்று. கீமோ மாத்திரை வேளைக்கு வேளை போடுகிறவர்கள் நேரத்தை நீங்களே மாற்றாதீர்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது, ஆலிமிடமும் கேளுங்கள், டாக்டரிடமும் கேளுங்கள்.

சின்னப்பாலம் பாசி

என் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா முப்பது வருஷமாகப் பாசி எடுக்கிறார். கண்ணாடியைக் கட்டிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார், இப்போது இடுப்பு வலி. கடல்பாசி புற்றுக்கு மருந்து என்று செல்போனில் வீடியோ வந்த பிறகு வெளியூர் ஆட்கள் வந்து கஞ்சிப்பாசியைக் கிலோக் கணக்கில் கேட்கிறார்களாம். அம்மா சொல்கிறார், "நாங்க கஞ்சில போட்டுக் குடிச்சிருக்கோம், வயிறு குளிரும், அவ்வளவுதான். எங்க தெருவுலயே ரெண்டு பேருக்குப் புத்து வந்துச்சு, ரெண்டு பேரும் பாசி எடுத்தவங்கதான்."

கடல் அட்டையைக் காய வைத்துப் பொடி செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தார். வாங்கவும் வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம். 2001லிருந்து அது வனவிலங்குச் சட்டத்தில் இருக்கிறது, புலிக்கு என்ன காவலோ அதே காவல். நோய்க்கு வைத்தியம் பார்க்கப் போய் ஜாமீனுக்கு வக்கீல் பார்க்க வேண்டிவரும்.

சித்தமருத்துவன், பரமக்குடி

கடலில் மருந்து இல்லாமல் இல்லை அம்மா. கரீபியன் கடலின் ஒரு கடற்பஞ்சில் 1950களில் கண்ட பொருளைப் பார்த்துச் செய்ததுதான் சைட்டராபின், 1969லிருந்து ரத்தப்புற்றுக்குப் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதைப் பிரித்து, மாற்றிச் செய்து, அளவு கண்டுபிடிக்க அத்தனை வருஷம் ஆனது. பஞ்சை அரைத்துக் குடிக்கவில்லை.

பெரியபட்டினம் தம்பி

படித்துக்கொண்டே வந்தேன், எழுத வேண்டாம் என்று இருந்தேன். என் அக்காவுக்கும் மார்பில்தான். சின்னக் கட்டி, ஆரம்பம் என்றார்கள். ஆபரேஷன் செய்தால் போதும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கத்தி வைத்தால் பரவிவிடும் என்று ஒரு வைத்தியர் சொன்னதை மச்சான் நம்பிவிட்டார். ஏழு மாசம் பொடியும் எண்ணெயும், மாசத்துக்குப் பன்னிரண்டாயிரம். கட்டி வெளியே உடைந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோவிலேயே இருந்தது, ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் ஆகியிருக்காது. போன ஆடியில் அக்கா போய்விட்டாள். மச்சானிடம் நான் இன்னும் பேசவில்லை.

உச்சிப்புளியான்

தம்பி, என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மற்றவர்களுக்காக மட்டும் ஒன்று. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் 2017, 2018ல் இரண்டு ஆய்வு வெளியிட்டார்கள். முதலாவது, குணப்படுத்தக்கூடிய புற்று இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவர்கள். அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கு மேல். இரண்டாவதுதான் நம் இழைக்கு நெருக்கம். ஆஸ்பத்திரி வைத்தியத்தையும் தொடங்கி, கூடவே வேறொன்றையும் சேர்த்துக்கொண்டவர்கள். அதிலும் அபாயம் இரண்டு மடங்கு. ஏன் என்று பார்த்தால், அவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை வேண்டாம் என்றிருக்கிறார்கள், மற்றவர்களில் 3 சதவீதம்தான். சேர்த்துக்கொண்ட இலை கொன்றது என்று ஆய்வு சொல்லவில்லை. "இது இருக்கிறதே, அது எதற்கு" என்று ஒவ்வொன்றாக விட்டதுதான் வித்தியாசம்.

மடத்துப்பொண்ணு

பெரியபட்டினம் தம்பி, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சித்தியை அவரே போய்க் கூட்டிவந்துவிட்டார்.

இன்னும் இரண்டு கேள்வி. ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடினால் நல்லது என்று பெரியப்பா சொல்கிறார், அம்மாவுக்கும் ஆசை. ஓரியூர் அருளானந்தர் சர்ச்சிலிருந்து செம்மண் வந்திருக்கிறது, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவா? எங்கள் வீட்டில் எல்லாச் சாமியும் உண்டு.

வார்டுக்காரி, சொந்த ஊர் மண்டபம்

வேண்டுதலை யாரும் தடுக்க மாட்டார்கள். மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைக்கட்டும், வயிற்றுக்குள் வேண்டாம், வெள்ளையணு குறைவாக இருக்கும்போது மண்ணில் உள்ள கிருமி போதும் ஆளைச் சாய்க்க. தீர்த்தமாடுவதை எல்லா ஊசியும் முடிந்து கவுன்ட் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் ஈரப் புடவையோடு நிற்பது இப்போது ஆகாது. சந்நிதியில் நின்று கும்பிட்டுவிட்டு வரட்டும், அதுவும் கூட்டமில்லாத நேரத்தில்.

அதைவிட, தினமும் சாயங்காலம் கரையில் இருபது நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். கீமோ களைப்புக்கு ஓய்வை விட நடைதான் கேட்கும். யோகாவும் நல்லது, மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால்கூடப் போதும். இதற்கு எந்த மருந்தோடும் சண்டை இல்லை.

சித்திக்கு ஒரு வேலை கொடுங்கள். நாலரை மணிக்கு எழுந்திருக்கிறவரை விட்டுவிடாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, அம்மா சாப்பிட்டது, குடித்தது, காய்ச்சல், எடை எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள், மதுரைக்கு அந்த நோட்டோடு அவரே வரட்டும்.

மடத்துப்பொண்ணு

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். மஞ்சள்காமாலை பி இல்லை. எஸ்.ஜி.பி.டி. 220லிருந்து 64. நேற்று மூன்றாவது ஊசி போட்டாயிற்று. எடை 49.

சித்தி நோட்டோடு வந்தார். டாக்டர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்தார், இடையில் ஒரு இடத்தில் நின்று "இது என்ன, ஆவாரம்பூத் தண்ணி?" என்றார். எனக்கே தெரியாது! சித்தி கொஞ்சமும் அசராமல், "ரெண்டு நாள்தான் குடுத்தேன், எழுதியிருக்கேன்ல, வேணாம்னா சொல்லுங்க" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்று பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காரல் சொதி ஒத்துக்கொண்டது. இப்போது கணவாய் கேட்கிறார், கொடுக்கலாமா சிஸ்டர்?

வார்டுக்காரி, சொந்த ஊர் மண்டபம்

கொடுங்கள். நன்றாகக் கழுவி, நன்றாக வேகட்டும். ரப்பர் மாதிரி ஆகிவிட்டது என்று அம்மா குறை சொன்னால் அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.